பதினேழு ஆட்சேபணைகளையும் வாபஸ் பெறுவது குறித்து

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

பொருள்: தங்கள் வெளியீடான 'சேற்றுக்கால்' என்னும் படக்கதைப் புத்தகத்தின் மீது நான் எழுப்பிய பதினேழு ஆட்சேபணைகளையும் வாபஸ் பெறுவது, மன்னிப்புக் கேட்பது, நன்றி சொல்வது.

பார்வை: 1. சென்ற மாதம் நான் எழுதிய கடிதம் (சிவப்பு மை, ஆறு பக்கம்). 2. அதற்குத் தாங்கள் எழுதிய பதில் (கறுப்பு மை, நான்கு வரி).

இங்கு நான் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், இந்தக் கதையை எழுதியவரும், படம் வரைந்தவரும், அச்சடித்தவரும், அட்டை ஒட்டியவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். சென்ற கடிதத்தில் இந்த நலம் விசாரிப்பை விட்டுவிட்டேன். மறதி இல்லை. அன்றைக்கு நீங்கள் யாரும் நலமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது. ஆகவே இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இங்கேயே விசாரித்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் 'ஒரு பொறுப்புள்ள வாசகன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். வாசகன் என்பது பொய், பொறுப்புள்ள என்பது அதைவிடப் பொய். நான் மழைநீர் வெளியேற்றும் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். இருபத்தாறு வருட சர்வீஸ். எங்கள் ஊரின் தாழ்வான பாதி ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது. இன்று அங்கே பள்ளிக்கூடமும் பஸ் நிலையமும் நாலு மாடிக் கட்டடங்களும் நிற்கின்றன என்றால், நாலு பம்புகள் ராத்திரி பகலாக ஓடுவதால்தான். அவற்றை ஓட்டுவதும், சல்லடையில் சிக்கும் செருப்பையும் தலையணையையும் எடுத்துப் போடுவதும், மணிக்கு ஒரு தரம் தண்ணீர் மட்டத்தை லாக் புக்கில் எழுதுவதும் என் வேலை. சேற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. பதினேழு ஆட்சேபணைகளில் பதினொன்று அந்தத் திமிரில் எழுதியவை. மிச்சம் ஆறு பயத்தில் எழுதியவை.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்லப்போகும் நன்றி உங்களுக்கு விளங்காது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா ஒருத்தி, தங்கை ஒருத்தி. போன வருடம் தங்கையும் அவள் கணவரும் ஒரே நாளில், ஒரே சாலையில் போய்விட்டார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், எழுதத் தெரியாது. அவர்களுடைய ஒன்பது வயது மகள் என்னிடம் வந்தாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவள் அவள் அம்மா. தூங்கும்போது மட்டும்தான் வாய் மூடுவாள், அதுவும் சந்தேகம் என்பாள் என் தங்கை. அந்த ரேடியோ ஒரு பையும் ஒரு ஜோடி ஷூவுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றவள், உள்ளே வந்தாள், கைகால் கழுவினாள், சாப்பிட்டாள், படுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, அவளுக்கா தோணும்போது பேசுவா" என்றார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் "ப்ரெசென்ட் மிஸ்" என்று மட்டும் சொல்கிறாளாம். அந்த மிஸ் மேல் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அதை எழுதினால் இன்னொரு ஆறு பக்கம் ஆகும்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். வீட்டுக்கும் ஒரு லாக் புக் போட்டேன். கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, 'எழுந்தது', 'சாப்பிட்டது', 'தூங்கியது', 'பேசியது' என்று தலைப்பு வைத்து, தினமும் நிரப்பினேன். முதல் மூன்று கட்டமும் எப்படியோ ஓடின. நாலாவது கட்டத்தில் மேலிருந்து கீழே 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று போய்க்கொண்டே இருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பம்பின் கட்டம் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்போம்.

இங்கே மெக்கானிக் வேலைக்குத் தானாக முன்வந்தவள் என் அக்கா. வெளியூரில் இருக்கிறாள், தையல் கடை நடத்துகிறாள், நாலு மெஷின் ஓடும்போதே அவள் குரல் தெருவுக்குக் கேட்கும். போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "டேய், நீ நல்லவன்தான், யாரு இல்லேன்னா? ஆனா உன் வீட்ல பேச்சுக்குன்னு ஒரு ஆள் இருக்கா? நீயே ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை பேசினா அதிகம். புள்ள யாரைப் பார்த்துப் பேசும், பம்பையா?" என்றாள். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அன்றைய ஐந்து வார்த்தை ஏற்கெனவே தீர்ந்திருந்தது. பரீட்சை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தான் வருவதாகவும், அதற்குள் பிள்ளை வாயைத் திறந்து இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால் சரி, இல்லாவிட்டால் தன்னோடு கூட்டிப் போவதாகவும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அந்த மிஸ்தான் ஒரு வழி சொன்னார்: "பேசு பேசுன்னு கேக்காதீங்க. தினமும் ஏதாவது சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, போதும்." சரியென்று அவளை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். நான் தலைப்பு பார்த்துப் பார்த்து 'பழங்களும் அவற்றின் பயன்களும்' என்ற நல்ல கெட்டியான புத்தகம் எடுத்து வருவதற்குள், அவள் ஒரு அலமாரி ஓரத்தில் நின்றபடியே எதையோ முக்கால் மணி நேரமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கொண்டுவந்து என் பழங்களின் மேல் வைத்தாள். பச்சை அட்டை, சதுப்பு, கையில் விளக்கோடு முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். இயற்கைக் காட்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பின் அட்டையைப் படித்தேன். 'தாய் தந்தையற்ற சிறுவன் சேற்றுக்கால், பேய்கள் உலவும் சதுப்பில், தன் தாயைத் தேடி' என்று போட்டிருந்தீர்கள். உலகத்தில் எத்தனையோ புத்தகம் இருக்க, இந்தப் பிள்ளை கையில் இதையா கொடுப்பது! மெதுவாக அதை அலமாரியில் சொருகிவிட்டுப் பழங்களை எடுத்து விரித்தேன். அவள் எழுந்து போய்ப் பழங்களை மூடி, அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் கட்டையில் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்த முதுகில் உத்தரவு இருந்தது. வாசிக்க ஆரம்பித்தேன்.

ஐயா, இங்கேதான் என் தவறு. நான் அதற்கு முன் படக்கதை படித்தவனே இல்லை. உங்கள் பக்கங்களைத் திறந்ததும் எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டங்கள். வரிசைக்கு இரண்டு, மூன்று வரிசை, மொத்தம் ஆறு. கட்டம் என்றால் எனக்கு லாக் புக்தான். எங்கள் லாக் புக்கில் ஒரு பம்புக்கு ஒரு நெடுவரிசை. ஷிப்ட் மாறும்போது முதல் பம்பை மேலிருந்து கீழே பார்த்து முடித்துவிட்டு, பிறகு இரண்டாவது பம்புக்கு மேலே போவோம். அப்படியே படித்தேன். இடது பக்கம் மேலிருந்து கீழே மூன்று கட்டம், அப்புறம் வலது பக்கம் மேலிருந்து கீழே மூன்று கட்டம். குறுக்கே படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதை முன்னும் பின்னுமாகத்தான் போனது. ஆனால் நவீன இலக்கியம் அப்படித்தான் இருக்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன்.

அதன் விளைவுகள்தான் அந்த ஆறு பக்கம். உதாரணமாகப் பதினான்காம் பக்கம். பையன் சதுப்பில் இறங்குகிறான். கணுக்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறிய தண்ணீர் திடீரென்று முழங்காலுக்கு இறங்குகிறது, பிறகு மார்புக்கு ஏறி ஆளையே மூழ்கடிக்கிறது. 'எந்தப் பம்ப் ஓடியது? யார் நிறுத்தினார்கள்?' என்று சிவப்பு மையில் கேட்டிருந்தேன். இரண்டாவது, அந்தப் படகுக்காரர். பையன் "நீங்க யாரு?" என்கிறான், பதில் இல்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்கிறான், பதில் இல்லை. பாவம், தன் பாதி ரொட்டியை நீட்டி "இந்தாங்க" என்கிறான். அதன் பிறகு அந்த மனிதர் வாயைத் திறந்து, "நான் செத்து முப்பது வருஷமாச்சு" என்கிறார்! ரொட்டியை நீட்டிய பிறகு சொல்கிற தகவலா இது? அடுத்து "பயப்படாதே" என்கிறார், அடுத்து "வாசனை போதும்" என்கிறார். இப்படிப்பட்ட ஆளைக் கதையில் வைத்தால் குழந்தைகள் என்ன மரியாதை கற்றுக்கொள்ளும் என்று எழுதியிருந்தேன். இன்னொரு பக்கத்தில் பையன் விளக்கைப் பார்க்கிறான், ஓடிப்போய்ச் சேற்றில் விழுகிறான், விழுந்து கழுத்தளவு புதைந்த பிறகு படகுக்காரர் "போகாதே" என்கிறார். இதைப் பணியில் அலட்சியம் என்று குறிப்பிட்டு, மேல் நடவடிக்கை கோரியிருந்தேன். செத்து முப்பது வருடமான ஆள் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்று அப்போது யோசிக்கவில்லை.

பயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணில்லாத கொக்கு வரும் பக்கத்தில் என் குரல் கம்மிப்போனது. சேற்றுக்குள்ளிருந்து கைகள் வரும் பக்கத்தை இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டித் தப்பிக்கப் பார்த்தேன். ரேடியோ வந்து விரலை நடுவில் விட்டுப் பிரித்து வைத்தாள். படகுக்காரருக்கு நான் ஒரு கட்டைக் குரல் வைத்திருந்தேன். அதைக் கேட்டதும் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பயத்தில் வாந்தி வருகிறது என்று ஓடிப்போய் வாளி கொண்டுவந்து வைத்தேன். வாளியைப் பார்த்ததும் இன்னும் குலுங்கினாள். அன்றைக்கு அது சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சே இல்லாத வீட்டில் சிரிப்பு எப்படி இருக்கும் என்று மறந்திருந்தேன்.

அப்புறம் அந்த மழை நாள். பகல்தான், ஆனால் வானம் அடைத்துக்கொண்டு பம்ப் ஹவுஸ் முழுக்க ஒரே இருட்டு. சல்லடைப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன், தண்ணீர் மேலே போட்ட நடைபாலத்தில், நீளமான அங்கியும் கையில் விளக்குமாக ஒரு பெண் உருவம் மெதுவாக என்னை நோக்கி வருகிறது. எமர்ஜென்சி பொத்தானை அடித்தேன், நாலு பம்பும் நின்றன, ஸ்விட்ச் ரூமுக்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கதவு தட்டப்பட்டது. "கதவைத் திறங்க! தண்ணி ஏறுது!" என்றது உருவம். நான் உள்ளிருந்தே, "நீங்க செத்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். "எனக்கு இன்னும் ரிட்டையர்மென்ட்டே ஆகலை! திறங்கய்யா கதவை!" என்று பதில் வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் மேடம். மழைக் கோட்டும் டார்ச்சும். பம்ப் பதினொரு நிமிடம் நின்றதில் அவர் ஷூவுக்குள் தண்ணீர் போயிருந்தது. மெமோ கொடுத்தார். 'பார்வைப் பிழை' என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நம்பவில்லை. உண்மையைச் சொன்னேன். "அந்தப் புத்தகத்தைக் கொண்டு வாங்க" என்றார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கண் சிவந்திருந்தது. "கடைசிப் பக்கம் தாங்க முடியலை" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசிப் பக்கம் சந்தோஷமாகத்தானே முடிகிறது என்று நினைத்துக்கொண்டேன். மெமோவை அவர் கிழித்துப் போட்டார். அதற்கு முன்பே, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு நிரந்தரமாகக் காலை ஷிப்ட் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கதவுக்குள்ளிருந்து கேட்டதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அந்தக் கடைசிப் பக்கத்தை நான் வாசித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் விளக்கோடு அம்மா நிற்கிறாள், பனியாகக் கரைகிறாள், பையன் மண்டியிட்டு அழுகிறான். இது இடது பக்கம். அப்புறம் வலது பக்கம் மேலே போனால், அம்மா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் கையில் விளக்கு இருக்கிறது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு வெளிச்சமுள்ள ஒரு வீட்டை நோக்கி நடக்கிறான். போனவள் திரும்பி வந்துவிட்டாள், கட்டிக்கொண்டாள், விளக்கைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். ஆறு பக்க ஆட்சேபணையில் இந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் பாராட்டியிருந்தேன். 'முடிவு மட்டும் பரவாயில்லை' என்பது என் வாசகம். பன்னிரண்டு மாலையில் புத்தகம் முடிந்தது. ரேடியோ மறுபடி முதல் பக்கத்தைத் திறந்து வைத்தாள். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போனது. முதல் சுற்றில் ஜன்னல் கட்டையில் இருந்தவள், இரண்டாம் சுற்றில் மேஜைக்கு அந்தப் பக்கம் வந்தாள், மூன்றாம் சுற்றில் என் நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்தாள். 'பேசியது' கட்டத்தில் அப்போதும் 'இல்லை'தான்.

அந்தச் சமயத்தில்தான் தங்கள் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் சம்பவங்கள் எதுவும் எங்கள் புத்தகத்தில் அந்த வரிசையில் நிகழவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' மழுப்பல் என்று முடிவு கட்டி, சிவப்பு மை பேனாவுக்கு மறுபடி மூடியைக் கழற்றிவிட்டேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அக்கா வந்தாள், பின்னால் அத்தான் வந்தார், அவர் கையில் ஒரு காலிப் பெட்டி வந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள். ரேடியோ வாசல்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லாக் புக்கைக் காட்டினேன், எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் தூங்குகிறாள் பார் என்று. அக்கா நேராக நாலாவது கட்டத்தில் விரலை வைத்தாள். நூற்று நாற்பத்து மூன்று 'இல்லை'. "பாருடா" என்றாள், அதிசயமாக மெல்லிய குரலில். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்புறம் மேஜை மேலிருந்த புத்தகம் அவள் கண்ணில் பட்டது. பின் அட்டையைப் படித்தாள். மெல்லிய குரல் அதோடு முடிந்தது.

"பேய்ப் புத்தகமா? அதுவும் அம்மா அப்பா இல்லாத புள்ளையோட பேய்ப் புத்தகமா? உனக்கு மூளை இருக்காடா? இதையா அவளுக்குத் தினமும் படிச்சுக் காட்டுற?"

பதினேழு ஆட்சேபணை எழுதிய நான், ஐயா, உங்கள் புத்தகத்துக்கு வக்கீலாக எழுந்து நின்றேன். "முழுசாத் தெரியாமப் பேசாதேக்கா! கடைசியில அம்மா திரும்பி வந்துடுறா, நல்ல கதை!" என்று கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

அக்கா கண்ணாடியை மாட்டினாள். சின்ன வயதிலிருந்து வாரப் பத்திரிகைப் படக்கதை ஒன்று விடாமல் படித்தவள். விரலை வைத்துக் குறுக்கே நகர்த்தினாள். "அம்மா நிக்கிறா. ஓடிப்போய்க் கட்டிக்கிறான். அடுத்தது... அவ கரையுறா. இவன் கையில விளக்கு மட்டும் இருக்கு. அழுறான். அப்புறம் தனியா நடந்து போறான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போயிடுறாடா இதுல. எங்கடா திரும்பி வர்றா?"

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். முதல் தடவையாகக் குறுக்கே பார்த்தேன். அவ்வளவுதான், தங்கள் நான்கு வரிக் கடிதத்துக்கு அர்த்தம் புரிந்தது, மேடம் கண் சிவந்ததற்கு அர்த்தம் புரிந்தது, பம்ப் இல்லாமல் தண்ணீர் இறங்கியதற்கும் அர்த்தம் புரிந்தது. ஆனால் அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்று சுற்று, முப்பத்தாறு மாலை, இந்தப் பிள்ளையிடம் போன அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று சத்தம் போட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேனே என்று நினைத்தபோது எனக்கு உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. அக்கா சொன்னது சரிதான், நான் பிள்ளை வளர்க்க லாயக்கில்லாதவன் என்று அந்த நிமிடம் முடிவே செய்துவிட்டேன். பெட்டியைத் திறக்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

அப்போது ரேடியோ வாசல்படியிலிருந்து வந்தாள். அக்கா கையிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். என் மடியில் வைத்தாள்.

"மாமா வாசிக்கட்டும்" என்றாள்.

அத்தானின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அக்கா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "டேய், அவ குரல்டா. அப்படியே அவ குரல்டா" என்றாள். என் தங்கை குரலைத்தான் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேலாவது இந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று, குறுக்கே படித்தேன். அம்மா நின்றாள். கட்டிக்கொண்டாள். கரைந்தாள். விளக்கு இருந்தது. பையன் அழுதான். நடந்தான். ஆறு கட்டத்துக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆனது போலிருந்தது. ரேடியோ என் நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். நான் முடித்ததும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "பெரியம்மா, பெட்டி வேண்டாம். நான் இங்கேயே இருக்கேன்" என்றாள்.

அக்கா அழுதாள், என் முதுகில் நாலு அறை வைத்தாள், ரேடியோவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு மாலைவரை விடவில்லை. காலிப் பெட்டி காலியாகவே திரும்பிப் போனது. பஸ் ஏறும்போது, "நீ லாயக்குதான்டா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். அன்று லாக் புக்கில் நாலாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ரேடியோ சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் போனது.

ஆகவே ஐயா, என் பதினேழு ஆட்சேபணைகளையும் நிபந்தனையின்றி வாபஸ் பெறுகிறேன். படகுக்காரர் மீது கோரிய நடவடிக்கையையும் கைவிடுகிறேன். அவர், கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொன்ன தங்கமான மனிதர், தவறு என்னுடையது. எங்கள் மேடத்துக்கும், அந்த மிஸ்ஸுக்கும், நான் பழங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அலமாரியைத் திறந்து வைத்திருந்த நூலகருக்கும், பெட்டியோடு வந்து பெட்டியோடு போன என் அக்காவுக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன். உங்களுக்குத்தான் பாக்கி. படம் வரைந்தவரிடம், அந்தக் கடைசிப் பக்கத்தின் ஆறு கட்டத்தையும் அப்படி அடுக்கிய அவர் கை நன்றாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இனிமேல் குறுக்கே மட்டும்தான் படிப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

உங்கள் அச்சு இயந்திரத்தில் தாள் சிக்காமல், உங்கள் கிடங்கில் ஈரம் ஏறாமல், உங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் குறையாமல் நீங்கள் எல்லாரும் நூறு வருடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியுள்ள,
ரேடியோவின் மாமா
(பம்ப் ஆபரேட்டர், காலை ஷிப்ட்)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி ரேடியோவிடம் கொடுத்தேன். இப்போது அவள் நிறையப் பேசுகிறாள், ஆகவே நிறையக் குறை சொன்னாள். கடைசியில், "மாமா, இதுல ஒண்ணு தப்பு" என்றாள். எது என்றேன். "நீங்க முப்பத்தாறு நாளும் சரியாத்தான் வாசிச்சீங்க. பெரியம்மா வந்த அன்னிக்குத்தான் தப்பா வாசிச்சீங்க" என்றாள். இல்லைம்மா, குறுக்கேதான் படிக்க வேண்டும், பெரியம்மா காட்டினாள் அல்லவா என்று விளக்கினேன். "அது எனக்குத் தெரியும். நான் லைப்ரரில நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சேன். குறுக்கே படிச்சா அம்மா போயிடுறாங்க. நீங்க படிச்சா வந்துடுறாங்க" என்றாள். அப்படியானால் நான் தப்பாகப் படிப்பது முதல் நாளே தெரியுமா, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மாத்திடுவீங்கல்ல" என்றாள்.

ஆகவே ஐயா, மேலே கூறிய உறுதிமொழி ரத்து. மேலிருந்து கீழேதான் படிப்பேன். அப்படிப் படிக்கும்போது படகுக்காரர் நடத்தை மறுபடியும் சரியில்லாமல் போவதால், பதினேழு ஆட்சேபணைகளும் இன்று முதல் மீண்டும் அமலுக்கு வருகின்றன. நன்றி மட்டும் அப்படியே இருக்கட்டும். இதற்கு மேல் எழுத நேரமில்லை. நாலாம் சுற்று இன்றோடு முடிகிறது. ஆறே முக்காலுக்குச் சேற்றுக்காலின் அம்மா வந்துவிடுவாள், நான் வீட்டில் இருக்க வேண்டும்.